விட்டுப்போன மூணு மாத்திரை

டிஸ்கி: இது கருத்தடை மாத்திரை பத்தின பதிவு. நெளியறவங்க இப்பவே அப்பீட் ஆயிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன். நான் டாக்டர் கிடையாது, பொட்டி தட்டிப் பொழைக்கிறவ. படிச்சதையும் பட்டதையும் எழுதறேன். உங்க உடம்புக்கு எது சரின்னு டாக்டரைத்தான் கேக்கணும்.

போன மாசியில மரக்காணத்துல மாமா பொண்ணுக்குக் கல்யாணம். எங்கம்மா ஊர் அது. ஈசிஆர்ல பாண்டிச்சேரி போறவங்க எல்லாரும் ஜன்னல் வழியா ஒரு தடவை பாத்திருப்பீங்க. ரோட்டோரம் கண்ணுக்கெட்டின வரைக்கும் சதுரம் சதுரமா பாத்தி, நடுவுல வெள்ளை வெள்ளையா குவியல். ஜனவரி வாக்குல பாத்தி கட்ட ஆரம்பிச்சா ஐப்பசி மழை வர்ற வரைக்கும் உப்பு. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இந்த ஊர்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. எங்க ஆயாவுக்கு அதெல்லாம் தெரியாது. அது நாப்பது வருஷம் அந்த அளத்துல உப்பு வாரின பொம்பளை.

வெள்ளிக்கிழமை விடியக்காலைல ரங்கமணியும் நானும் கிளம்பினோம். பட்டுப்புடவை, மொய்க்கவர், சார்ஜர் எல்லாம் எடுத்து வெச்சேன். அன்னிக்கு ஆரம்பிக்க வேண்டிய புது மாத்திரை அட்டை மட்டும் சென்னையில அலமாரி மேலயே நின்னுடுச்சு.

திங்கக்கிழமை காலைல பல்லு வெளக்கும்போதுதான் சுருக்குன்னு உறைச்சுது. வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு நாள் போச்சு. நடுவுல கல்யாண வீட்டு மாடியறையில புருஷன் பொண்டாட்டியா இருந்ததும் உண்டு. இதுக்கு மேல விளக்கம் தர்றதா இல்லை :-)

மூணுதானேன்னு விட முடியாது. 28 மாத்திரை இருக்கற அட்டையில 21 வெள்ளைதான் ஹார்மோன். மிச்சம் 7 காவி கலர் மாத்திரை வெறும் இரும்புச்சத்து. தினம் ஒண்ணு போடற பழக்கம் விட்டுடக் கூடாதுன்னு வெச்சது. காவியில நாலை மறந்தாலும் ஒண்ணும் ஆகாது. புது அட்டையோட முதல் வெள்ளை மாத்திரைகளை மறந்தாத்தான் வம்பு. காவி ஓடின 7 நாள் உடம்புல ஹார்மோன் கிடையாது. அதோட இந்த 3 நாளும் சேந்தா 10 நாள். தூங்கப்போட்ட கருமுட்டைப்பை முழிச்சுக்கிறதுக்கு அந்த இடைவெளி போதும். அதாவது எல்லா நாள்லயும் ரொம்ப மோசமான நாள் பாத்து மறந்திருக்கேன்.

அவசரத்துக்குன்னு ஒரு மாத்திரை இருக்குன்னு தெரியும். 72 மணி நேரத்துக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எனக்கு ஏற்கெனவே ஒண்ணரை நாள் ஓடிடுச்சு. ரங்கமணியை பைக்ல அனுப்பினேன். முதல் கடையில "இல்லீங்க". ரெண்டாவது கடையில "அதெல்லாம் வெக்கிறதில்ல சார்". மூணாவது கடைக்காரர் ஒரு மாதிரி பாத்துட்டு "தமிழ்நாட்டுல தடைங்க, பாண்டியில கேட்டுப் பாருங்க"ன்னாராம்.

தடையா? எந்தச் சட்டத்துல? எப்பலேர்ந்து? இந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஊர் திரும்பினதும் உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்கப் பின்னாடி போய் 1877ல நின்னுச்சு.

*

சென்னையில பெசன்ட் நகர்னு ஒரு இடம் இருக்கு, உங்க எல்லாருக்கும் தெரியும். அன்னி பெசன்ட்னா தியசாபிகல் சொசைட்டி, ஹோம் ரூல்னுதான் நாம பரீட்சையில எழுதியிருப்போம். அந்தம்மா கருத்தடைக்காக கோர்ட் ஏறினவங்கன்னு யாரும் சொல்லித் தரல.

சார்லஸ் நோல்டன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1832ல கருத்தடை பத்தி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதை லண்டன்ல 1877ல சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்டும் வேணும்னே மறுபதிப்பு செஞ்சாங்க. ஆபாசப் புத்தகம்னு கேஸ். ஆறு மாசம் ஜெயில், 200 பவுன் அபராதம்னு தீர்ப்பு. அடுத்த வருஷம் அப்பீல்ல ஒரு தொழில்நுட்பக் காரணத்துனால அது தள்ளுபடியாச்சு. ஆனா பெசன்ட் இழந்தது வேற. இப்படிப்பட்ட பொம்பளை புள்ளையை வளக்கக் கூடாதுன்னு 1878ல மக மேபிளை அவங்ககிட்டேர்ந்து பிரிச்சுட்டாங்க.

பின்னாடி பெசன்ட் 1889ல தியசாபிகல் சொசைட்டியில சேந்தாங்க. ரெண்டு வருஷத்துல, தானே எழுதின கருத்தடைப் புத்தகத்தை வாபஸ் வாங்கிட்டாங்க. புலனடக்கம்தான் வழின்னு மாறிட்டாங்க. அதுக்கப்புறம்தான் 1893ல இந்தியாவுக்கு வந்தாங்க. நமக்கு வந்து சேந்தது அந்த ரெண்டாவது பெசன்ட்.

நோல்டன் சொன்ன முறை என்னன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கு. எல்லாம் முடிஞ்ச உடனே படிகாரம் மாதிரி ஏதாவது ஒரு உப்பைக் கரைச்சு உள்ளே பீச்சிக் கழுவறது. அதாவது நடந்ததுக்கு அப்புறம் செய்யற வைத்தியம், அந்தக் காலத்து அவசரக் கருத்தடை. இது வேலை செய்யாது. விந்தணு சில நிமிஷத்துலயே கழுவ முடியாத இடத்துக்குப் போயிடும். கழுவறதுனால புண்ணும் தொற்றும்தான் மிச்சம். யாராவது பாட்டி வைத்தியம்னு சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க.

ஆனா உப்பு அதோட விடல. 1950கள்ல கிளாரன்ஸ் கேம்பிள்னு ஒரு அமெரிக்க டாக்டர். சோப்பு விக்கிற ப்ராக்டர் அண்ட் கேம்பிள் குடும்பத்து வாரிசு. ஏழை நாட்டுப் பொம்பளைங்களுக்கு அவங்க சமையக்கட்டுல இருக்கற பொருளை வெச்சே கருத்தடை வேணும்னு கிளம்பினார். உப்புத் தண்ணியில நனைச்ச பஞ்சு, உப்பும் அரிசி மாவும் கலந்த கூழ். இதையெல்லாம் ஆசிய நாடுகள்ல பரப்பப் பாத்தார். இந்தியக் குடும்பக் கட்டுப்பாடு சங்கத்தை 1949ல தொடங்கின தன்வந்தி ராமராவுக்கு அவரோட போக்கு பிடிக்கல. ரெண்டு பேருக்கும் பெரிய உரசல்.

உப்பளத்துக் குடும்பத்துல பொறந்தவ இதைப் படிச்சா எப்படி இருக்கும்? கேம்பிள் கெட்டவர்னு சொல்ல வரல. செலவில்லாத வழி வேணும்னு நினைச்சார். ஆனா பாஸ்டன்ல இருக்கற பொம்பளைக்கு ஒண்ணு, மரக்காணத்துப் பொம்பளைக்கு உப்புன்னு ஒரு கணக்கு அதுல இருக்கு. அந்தக் கணக்கு அப்புறமும் நிறைய இடத்துல வருது.

*

இப்ப தமிழ்நாட்டுக்கு வருவோம். இந்த விஷயத்துல நாம ரொம்ப முன்னாடியே பேச ஆரம்பிச்சவங்க. 1920களோட கடைசியிலயே மதராஸ்ல நியோ மால்தூசியன் லீக்னு ஒரு சங்கம் இருந்துச்சு. ஜட்ஜுங்க, வக்கீலுங்க, பேராசிரியருங்க. ஜனத்தொகை பெருகுது, நாடு ஏழையாகுது, அதனால கருத்தடை வேணும்ங்கறது அவங்க வாதம்.

அதே காலத்துல குடிஅரசுல பெரியார் எழுதறார். அவரும் கருத்தடை வேணும்கறார். ஆனா காரணம் வேற. நாட்டுக்காகவும் இல்ல, சொத்து துண்டாடாம இருக்கறதுக்காகவும் இல்ல, பொம்பளை உடம்பு நல்லா இருக்கணும்கறதுக்காகக் கூட இல்ல. பெண் சுதந்திரமா இருக்கணும், அதுக்காகன்னு சொல்றார். மத்தவங்க சொல்ற காரணத்துக்கும் நம்ம காரணத்துக்கும் வித்தியாசம் இருக்குன்னு அவரே தனியா எடுத்து எழுதறார். 1930ல! அஞ்சு வருஷம் கழிச்சு 1935 டிசம்பர்ல மார்கரெட் சாங்கர் வார்தாவுக்குப் போய் காந்தியைப் பாத்தப்போ, காந்தி கருத்தடைச் சாதனம் எதையும் ஒத்துக்கல, புலனடக்கம்தான் வழின்னார். அதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் பெரியார் எவ்வளவு தூரம் போயிருந்தார்னு புரியும்.

அப்ப தமிழ்நாட்டுல எந்தக் காரணம் ஜெயிச்சுது? என் கருத்து, நியோ மால்தூசியன்களோட காரணம்தான் ஜெயிச்சுது. சிலை பெரியாருக்கு, திட்டம் மால்தூசுக்கு.

1952ல இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமா எடுத்துச்சு. மெட்ராஸ் மாநிலம் 1950களோட பிற்பாதியிலயே ஆபரேஷனுக்கு ஊக்கத்தொகை குடுக்க ஆரம்பிச்சுது. இதுக்குப் பின்னாடி இருந்தவர் ஆர்.ஏ.கோபாலசாமி. 1951 சென்சஸை நடத்தின அதிகாரி. அவருக்கு இது எண் சம்பந்தப்பட்ட பிரச்னை. ஒரு தடவை வெட்டிவிட்டா முடிஞ்சுது, யாரும் எதையும் ஞாபகம் வெச்சுக்க வேணாம். சிவப்பு முக்கோணம், நாமிருவர் நமக்கிருவர்னு சுவரெல்லாம் எழுதினாங்க. 1975-77 எமர்ஜென்சியில வடக்க ஆம்பளைங்களைப் பிடிச்சுட்டுப் போய் ஆபரேஷன் பண்ணினது பெரிய கலவரமாச்சு. அதுக்கப்புறம் நாடு முழுக்க ஆபரேஷன் கத்தி அப்படியே பொம்பளைங்க பக்கம் திரும்பிடுச்சு.

தமிழ்நாடு இதுல சாதிச்சது நிஜம். 1990களோட தொடக்கத்துலயே ஒரு தாய்க்கு 2.1 குழந்தைங்கற இலக்கைத் தொட்டாச்சு. பொண்ணுங்க படிச்சது, கல்யாண வயசு ஏறினது, பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறினது எல்லாம் சேந்து நடந்தது அது. ஆனா எந்த முறையிலன்னு பாருங்க. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல கல்யாணமான பொம்பளைங்கள்ல 100க்கு கிட்டத்தட்ட 58 பேர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. இந்திய சராசரி 38. மாத்திரை சாப்பிடறவங்க இந்திய அளவுல 100க்கு 5 பேர். இங்க ஒருத்தர்கூட முழுசா தேற மாட்டாங்க.

*

எங்க ஆயா அந்த 58 பேர்ல ஒருத்தி மாதிரிதான். நாலு பெத்து, மூணு நின்னு, எண்பதுகளோட தொடக்கத்துல பக்கத்து டவுன்ல ஒரு முகாம்ல ஆபரேஷன். கல்யாண வீட்டுல ஞாயித்துக்கிழமை மத்தியானம் அது காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டே கேட்டேன். (அப்ப எனக்கு மறந்துபோன விஷயமே தெரியாது, சும்மா பேச்சுவாக்குல.)

"ஏன் ஆயா, அப்பல்லாம் மாத்திரை குடுக்கலியா?"

"குடுத்தாங்க பாப்பா. நர்சம்மா பையில கொண்டாரும். நான் ராத்திரி மூணு மணிக்கு எழுந்து அளத்துக்குப் போவணும், வெயிலுக்கு முன்ன வாரணும். எந்த நாள் போட்டேன் எந்த நாள் வுட்டேன்னு எனுக்கு எங்க தெரியும்? வுட்டா இன்னா பண்றதுன்னு அதும் சொல்லல, நானும் கேக்கல. அதுல ஒண்ணு தங்கிடுச்சு. அதுதான் உங்க சின்ன மாமன்."

சொல்லிட்டு சிரிச்சுது. கல்யாணப் பொண்ணோட அப்பாதான் அந்தச் சின்ன மாமா. பந்தியில நின்னு சாம்பார் ஊத்திட்டு இருந்தார்.

"அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கினா அந்தத் தொல்லையே இல்லன்னாங்க. பண்ணிக்கினேன். பதினஞ்சாம் நாள் மறுபடி கூடை தூக்கினேன்."

"வுட்டா இன்னா பண்றதுன்னு அதும் சொல்லல." சென்னைக்குத் திரும்பி வர்ற வழியெல்லாம் எனக்கு இதேதான் ஓடிட்டிருந்துச்சு. மாத்திரைன்னா மறக்கும். மறக்கறது மாத்திரையோட ஒரு பகுதி. அதுக்கு வழி சொல்லாம மாத்திரையை மட்டும் குடுத்தா, அது பாதி சாஃப்ட்வேரை டெலிவரி பண்ற மாதிரி. எரர் வந்தா என்ன பண்ணணும்னே எழுதல.

*

மறதிக்குன்னு யோசிச்ச ஒருத்தர் இருந்தார். நம்மாளு, இஞ்சினீயர்.

மாத்திரை 1960 மே மாசம் அமெரிக்காவுல அனுமதி வாங்கிச்சு. அதுக்கு முன்னாடி 1956லேர்ந்து போர்ட்டோ ரிக்கோவுல ஏழைப் பொம்பளைங்க மேல பெரிய டோஸ்ல சோதிச்சுப் பாத்தாங்க. இது சோதனைங்கறதையே அவங்களுக்குச் சரியா சொல்லல. (நான் சொன்ன அந்தக் கணக்கு திரும்ப வருது பாருங்க.) வந்த புதுசுல மாத்திரை சாதாரண பாட்டில்ல வந்துச்சு. இன்னிக்குப் போட்டமா இல்லையான்னு பாட்டிலைப் பாத்து எப்படித் தெரியும்?

இல்லினாய்ஸ்ல டேவிட் வாக்னர்னு ஒருத்தர். நாலு குழந்தைங்க. பொண்டாட்டி டோரிஸ் மாத்திரை ஆரம்பிச்சதும் தினம் "போட்டியா, போட்டியா"ன்னு கேட்டு வீட்டுல ஒரே சண்டை. ஒரு காகிதத்துல கிழமை பேரெல்லாம் எழுதி, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு மாத்திரையை வெச்சு மேஜை மேல விட்டார். கொஞ்ச நாள் நல்லா ஓடிச்சு. அப்புறம் ஏதோ மேல விழுந்து எல்லாம் சிதறிடுச்சு. மனுஷன் பிளாஸ்டிக் தகட்டை எடுத்தார், துளை போட்டார், டேப் ஒட்டினார். சுத்தினா நாளுக்கு ஒரு மாத்திரை விழற மாதிரி வட்டமா ஒரு டப்பா பண்ணிட்டார். 1962ல காப்புரிமைக்கு மனு போட்டார், 1964ல கிடைச்சுது. அதுக்குள்ள ஆர்த்தோ கம்பெனி 1963லயே அதே மாதிரி டப்பாவை மார்க்கெட்ல விட்டுடுச்சு. வக்கீல் வெச்சு 10,000 டாலர் வாங்கினார். இன்னிக்கு நம்ம அட்டையில கிழமை அச்சடிச்சு அம்புக்குறி போட்டிருக்கே, அதுக்கெல்லாம் தாத்தா அந்த டப்பாதான்.

நம்ம ஊர்லயும் ஒருத்தர் இதுக்கு வேற பக்கத்துலேர்ந்து வந்தார். லக்னோவுல இருக்கற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்துல நித்யா ஆனந்தும் அவரோட குழுவும் சென்ட்குரோமன்னு ஒரு மருந்தைக் கண்டுபிடிச்சாங்க. ஹார்மோனே கிடையாது. முதல் மூணு மாசம் வாரம் ரெண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. 1991ல சஹேலிங்கற பேர்ல கடைக்கு வந்துச்சு. அரசுத் திட்டத்துல சாயாங்கற பேர்ல இலவசமா சேர அதுக்கப்புறம் கால் நூற்றாண்டு ஆச்சு. தினம் எழுந்து அளத்துக்கு ஓடற பொம்பளைக்கு வாரம் ஒண்ணுங்கறது எவ்வளவு பெரிய விஷயம்! நித்யா ஆனந்த் 2024ல காலமானார். எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்னு தெரியல.

*

இனி அவசர மாத்திரை. 1960கள்ல ஈஸ்ட்ரோஜனை அளவுக்கு மீறிக் குடுத்துப் பாத்தாங்க. வாந்தி, தலைசுத்தல். 1970கள்ல ஆல்பர்ட் யூஸ்பேங்கற கனடா டாக்டர், தினசரி மாத்திரையில இருக்கற அதே ரெண்டு ஹார்மோனை, கொஞ்சம் அதிக அளவுல 12 மணி நேர இடைவெளியில ரெண்டு தடவை குடுத்தா போதும்னு காட்டினார். புது மருந்தே கண்டுபிடிக்கல. இருக்கறதையே வேற கணக்குல குடுத்தார், அவ்வளவுதான்.

1998ல உலக சுகாதார நிறுவனம் இன்னொரு பெரிய ஆய்வு நடத்தி லான்செட்ல போட்டுச்சு. யூஸ்பே முறையில 100க்கு 3.2 பேர் கர்ப்பமானாங்க. லெவோநார்ஜெஸ்ட்ரெல் மட்டும் குடுத்தவங்கள்ல 1.1 பேர்தான். வாந்தியும் கம்மி. அதுலேர்ந்து உலகம் பூரா அதுதான் அவசர மாத்திரை.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. அரசாங்கம் இலவசமா குடுக்கற மாலா-என், கம்மி விலைக்கு விக்கற மாலா-டி, ரெண்டுலயும் இருக்கறது இதே லெவோநார்ஜெஸ்ட்ரெல், 0.15 மில்லிகிராம், கூட கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன். அவசர மாத்திரையில 1.5 மில்லிகிராம். பத்து மடங்கு, ஒரே ஒரு தடவை. வேற ஏதோ பயங்கர மருந்து இல்ல.

அது கருவைக் கலைக்கற மாத்திரையும் இல்ல. கருமுட்டை வெளிய வர்றதைத் தள்ளிப்போடுது. முட்டை ஏற்கெனவே வந்துட்டா இது பெருசா ஒண்ணும் பண்ணாது. கரு தங்கிடுச்சுன்னா அதை எதுவும் செய்யாது. கருக்கலைப்பு மாத்திரை முழுக்க வேற மருந்து. டாக்டர் சீட்டு இல்லாம வாங்கவே கூடாது. இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பிக்கறதுதான் நம்ம ஊர் தகராறுல பாதி.

இந்தியா 2002ல இதைத் தேசியத் திட்டத்துல சேத்துச்சு. 2005ல டாக்டர் சீட்டு இல்லாம வாங்கலாம்னு சொல்லிடுச்சு. 2007ல சிப்ளா ஐ-பில்லைக் கொண்டுவந்துச்சு, மத்தவங்களும் வந்தாங்க. டிவியில ஒரே விளம்பரம். அந்த விளம்பரங்கள் மேல நியாயமான புகாரும் உண்டு. அவசரத்துக்குன்னு இருக்கறதை வழக்கமா போடற மாத்திரை மாதிரி காட்டினாங்க. ஆனா எழுந்த எதிர்ப்பு அது மட்டும் இல்ல. பொண்ணுங்க கெட்டுப்போயிடுவாங்க, கலாசாரம் என்ன ஆகறதுன்னும் குரல். தமிழ்நாட்டுல மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட கெடுபிடி ஆரம்பிச்சதும் கடைக்காரங்க எதுக்கு வம்புன்னு வெக்கறதை நிறுத்திட்டாங்க. பின்னாடி பத்திரிகைக்காரங்க கேட்டப்போ அதிகாரிங்க சொன்ன பதில், தடை எதுவும் இல்லைங்கறதுதான். கடைக்காரரைக் கேட்டா தடைங்கறார்.

ஆக, அந்த மூணாவது கடைக்காரர் பொய் சொல்லல. அவருக்கு அப்படித்தான் தெரியும். எழுதின உத்தரவுன்னா கோர்ட்டுக்குப் போகலாம், ரத்து பண்ணச் சொல்லலாம். எழுதாத தடையை யார்கிட்டப் போய் ரத்து பண்ணச் சொல்றது? அவர் கடையில ஆணுறை முன்னாடியே தொங்குது. மாலா-டி கேட்டா எடுத்துத் தருவார். அதே மருந்து பத்து மடங்கா ஒரே மாத்திரையில வந்தா மட்டும் இல்ல.

எனக்குத் தோணறது இதுதான். ஆபரேஷனுக்கு எந்தக் கலாசாரக் காவலரும் எதிர்ப்புத் தெரிவிக்கல. ஏன்னா அது ரெண்டு பெத்து முடிச்ச பொம்பளைக்கு, புருஷன் சம்மதத்தோட, ஆஸ்பத்திரியில, அரசாங்கக் கணக்குல நடக்கறது. அவசர மாத்திரையை ஒரு பொண்ணு தானா முடிவு பண்ணி, தானா கடையில போய் வாங்கி, தானா போட்டுக்கலாம். யாரும் கையெழுத்துப் போட வேண்டியதில்ல. பெரியார் 1930ல சொன்ன காரணம் இதுக்குத்தான் பொருந்துது. அதனாலதான் இதைக் கண்டா பயம்.

*

கதையோட மிச்சம். ரங்கமணி வெறுங்கையோட வந்ததும் ரெண்டு பேரும் பைக்ல பாண்டி கிளம்பினோம். 35 கிலோமீட்டர் சொச்சம். அந்த ரோட்டுல சென்னைப் பசங்க எதுக்குப் போவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நாங்க மாத்திரைக்குப் போனோம். ஊருக்குள்ள நுழைஞ்சு முதல் மருந்துக்கடை. கேட்டேன், அந்தக்கா எடுத்துக் குடுத்தாங்க. பேப்பர்ல கூடச் சுத்தல. "வாந்தி வந்தா, ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா இன்னொண்ணு போடணும்மா"ன்னு சொன்னாங்க. கடை வாசல்லயே தண்ணி வாங்கிப் போட்டுக்கிட்டேன். அடுத்த பீரியட்ஸ் ஆறு நாள் தள்ளி வந்துச்சு. அந்த ஆறு நாளும் நான் எழுதின கோட்ல எத்தனை பக் இருந்துச்சுன்னு என் டீம் லீடைக் கேளுங்க.

எங்கிட்ட பைக் இருந்துச்சு, புருஷன் கூட இருந்தார், கையில காசு இருந்துச்சு, எந்த மாத்திரைன்னு தெரிஞ்சிருந்துச்சு, பாண்டி பக்கத்துல இருந்துச்சு. இதுல ஒண்ணு இல்லாத பொண்ணு என்ன பண்ணுவா? அளத்துல கூலி வேலை பாக்கற பொண்ணுக்கு அரை நாள் கூலியை விட்டுட்டு 35 கிலோமீட்டர் போறதுன்னா? கல்யாணமாகாத பொண்ணுன்னா? திருநெல்வேலிப் பக்கம் எந்தப் பாண்டிக்குப் போவா?

ஆயாவுக்கு அன்னிக்கு யாரும் சொல்லாததை இங்க எழுதி வெக்கறேன். ரெண்டு ஹார்மோன் இருக்கற சாதாரண 28 மாத்திரை அட்டைக்கான பொதுவான வழி இது.

ஒரு வெள்ளை மாத்திரை விட்டுப்போச்சுன்னா: ஞாபகம் வந்த உடனே போட்டுக்கணும். அடுத்ததை வழக்கமான நேரத்துக்கே போடலாம், ஒரே நாள்ல ரெண்டு ஆனாலும் பரவாயில்ல. பயம் வேண்டாம்.

தொடர்ந்து ரெண்டோ அதுக்கு மேலயோ விட்டுப்போச்சுன்னா: விட்டதுல கடைசி ஒண்ணை உடனே போட்டுக்கணும், மத்ததை விட்டுடணும். அட்டையைத் தொடரணும். அடுத்து 7 நாள் விடாம மாத்திரை போடற வரைக்கும் ஆணுறை கட்டாயம்.

விட்டது முதல் வாரத்துல, அதையொட்டின அஞ்சு நாள்ல பாதுகாப்பில்லாம சேந்ததும் உண்டுன்னா: அவசர மாத்திரை பத்தி உடனே யோசிக்கணும். அதைப் போட்ட பிறகு தினசரி மாத்திரையையும் தொடரணும், கூட 7 நாள் ஆணுறை.

விட்டது மூணாவது வாரத்துலன்னா: வெள்ளையை முடிச்சுட்டு காவியைத் தூக்கிப் போட்டுட்டு நேரா புது அட்டைக்குப் போயிடணும்.

காவி விட்டுப்போச்சுன்னா: தூக்கிப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்.

இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது. அஞ்சு நாளுக்குள்ள காப்பர்-டி போட்டுக்கிட்டா அது அவசர மாத்திரையை விடவே நல்லா வேலை செய்யும். அரசு ஆஸ்பத்திரியில இலவசம். மாத்திரை கிடைக்கலன்னா கை பிசைஞ்சுட்டு நிக்காம டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க. மூணு வாரம் ஆகியும் பீரியட்ஸ் வரலன்னா டெஸ்ட் பண்ணிப் பாத்துடணும்.

ரங்கமணி இப்ப வாக்னர் மாதிரி ஏதாவது பண்றேன்னு கிளம்பியிருக்கார். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு என் போனும் அவர் போனும் சேந்து கத்துது. பயணப் பையில ஒரு அட்டை நிரந்தரமா இருக்கு. அதுல காவி இல்லாம வெள்ளையா பாத்து எண்ணி வெச்சிருக்கார், இஞ்சினீயர் புத்தி.

ஆயாவுக்குப் போன் பண்ணி இந்தப் பாண்டிக் கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்ப அப்டி ஒண்ணு இருந்துச்சுன்னா உங்க சின்ன மாமன் பொறந்திருக்க மாட்டான்"ன்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "இருந்தாலும் யாரனா சொல்லியிருக்கலாம்"ன்னுச்சு.

மக்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மருந்துக்கடைக்குப் போறப்போ, தேவை இருக்கோ இல்லையோ, இந்த மாத்திரை இருக்கான்னு ஒரு தடவை கேளுங்க. ஆம்பளைங்களும் கேளுங்க. இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு ஊர் பேரோட பின்னூட்டத்துல போடுங்க, கடைப் பேர் வேண்டாம். பதில்களைத் தொகுத்து அடுத்த பதிவா போடறேன்.